சேலத்துச் செஸ்னாவுக்கு எந்த ரேடியோ, எந்த டிரான்ஸ்பாண்டர்?

"எந்த ரேடியோ சார் நல்லது?" என்று கேட்டு வருகிற சின்ன விமானக்காரர்களிடம் நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். விமானத்தில் எத்தனை வோல்ட்? ஆன்டெனா கேபிளைக் கடைசியாக யார், எப்போது மாற்றினார்கள்? முதல் கேள்விக்குப் பாதிப் பேர் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்கு அநேகமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் பெட்டியின் திரை கலரா, தொடுதிரையா, புளூடூத் உண்டா என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

நான் விமானப் படையில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்புறம் ஏவியானிக்ஸில், அதாவது விமான மின்னணுக் கருவிகளைப் பராமரிக்க, பி2 உரிமம் எடுத்தேன். சின்ன விமானங்களின் பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச்சை வாயில் கவ்வியபடி வேலை பார்ப்பது பழகிவிட்டது. வீடு அஸ்தம்பட்டியில். ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை நடத்தும் நண்பர் ஒருவர் 1976 மாடல் செஸ்னா 172எம் ஒன்றை வாங்கினார். பேனலில் பழைய கிங் கேஎக்ஸ் 170பி ரேடியோவும், ராடார் கேட்டால் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தானாகப் பதில் அனுப்பும் கேடி 76ஏ டிரான்ஸ்பாண்டரும் இருந்தன. அந்த விமானத்தை வைத்தே சொல்கிறேன். பொதுவாகச் சொன்னால் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டியாகத்தான் தெரியும்.

முதலில் வோல்ட். செஸ்னா 172-ல் 1978 மாடலிலிருந்துதான் 28 வோல்ட். அதற்கு முந்தியவை 14. செஸ்னா 150 என்றால் 14, அதற்குப் பின்னால் வந்த 152 என்றால் 28. இன்று கடையில் வரும் புதிய பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டிலும் ஓடும். சிக்கல் பழையதை வாங்கும்போதுதான். கேஎக்ஸ் 155 என்ற அருமையான பழைய ரேடியோ 14 வோல்ட்டுக்குத் தனி, 28 வோல்ட்டுக்குத் தனி என்று இரண்டு வகையாக வந்தது. முகப்பைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டின் பார்ட் நம்பரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விற்பவர் அந்தத் தகட்டைப் படமெடுத்து அனுப்பத் தயங்கினால் அவரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, நாம் பறக்கும் இடம். விமான ரேடியோ பேசுவது 118 முதல் 136.975 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலை நேர்க்கோட்டில் போகும். மலையைச் சுற்றி வளைந்து வராது. சமவெளியில் தரைக்கு மேல் 2,500 அடியில் பறந்தால் கணக்குப்படி சுமார் 60 கடல் மைல் வரை கேட்க வேண்டும். கணக்குப் போட எளிய வழி உண்டு. அடியில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால் கடல் மைல் வந்துவிடும். ஆனால் சேலம் விமான நிலையத்தின் கமலாபுரம் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடியில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே சேர்வராயன் மலை 5,300 அடிக்கு மேல் எழும்பி நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், வாணியாறு அணை, பாப்பிரெட்டிப்பட்டி மேல் 3,000 அடியில் போகிறீர்கள் என்று வையுங்கள். தூரம் என்னவோ கூப்பிடு தூரம்தான். விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் கேட்காது. அங்கே 5 வாட்டுக்குப் பதில் 16 வாட் ரேடியோ வைத்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறப்போவதில்லை. உயரம் ஏறினால்தான் கேட்கும்.

இதனால்தான் வாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. 6 முதல் 10 வாட் நம் வேலைக்குத் தாராளம். மேலும் 16 வாட் தரும் பல பெட்டிகள் 28 வோல்ட் கேட்கும். நண்பரின் 172எம்மில் அது நடக்காத காரியம். மிச்சமாகும் பணத்தை ஆன்டெனாவிலும் கேபிளிலும் போடுங்கள்.

கேபிள் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பழைய விமானங்களில் ஆர்ஜி-58 வகைக் கோஆக்ஸியல் கேபிள் ஓடும். அதன் மேலுறை பிவிசி. எழுபதுகளில் இழுத்தது இன்னும் அப்படியே கிடக்கும். நம் ஊர் மே மாத வெயிலில், மூடிய விமானத்தின் கூரைக்கும் உள்துணிக்கும் நடுவே வெந்து வெந்து, உறை தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் செம்புப் பின்னல் கறுத்திருக்கும். இப்போது போட வேண்டியது ஆர்ஜி-400. இரட்டைப் பின்னல், டெஃப்லான் காப்பு, சூட்டுக்கு அசையாது. விலை அதிகம்தான். ஆனால் ஒரு 172-க்கு மொத்தமே சில மீட்டர்கள்தான் தேவை.

ரேடியோவுக்குக் கேபிள் கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை. டிரான்ஸ்பாண்டருக்கு அப்படி இல்லை. அது 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்புகிறது. அவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் ஒவ்வொரு அடி கேபிளும் சக்தியைத் தின்னும். ஆர்ஜி-400 என்றால் இரண்டரை மீட்டருக்குள் முடித்துக்கொள்வது நல்லது. 2 டெசிபல் இழப்பு என்றால் காதுக்குச் சின்ன எண். உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தி ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். எனவே டிரான்ஸ்பாண்டர் பெட்டியையும் அதன் ஆன்டெனாவையும் எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியும் என்று முதலில் தீர்மானியுங்கள். மீதி அதற்குப் பின்னால்தான்.

முனையில் மாட்டும் பிஎன்சி, டிஎன்சி கனெக்டர்களுக்கு அதற்கென்று உள்ள, நசுக்கி இறுக்கும் கிரிம்ப் கருவி வேண்டும். ஒருவர் கனெக்டரைச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்து வந்திருந்தார். வேலை பார்க்க அழகாகத்தான் இருந்தது, கொலுசுக்குப் போடும் அதே நேர்த்தி. உள்ளே சூட்டில் காப்பு இளகி, நடுக்கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டு வேறு போட்டோம்.

ஆன்டெனா இருக்கும் இடமும் முக்கியம். பேசும் ரேடியோவின் ஆன்டெனா பொதுவாகக் கூரையில். கால் அலை நீளம் என்று கணக்கிட்டால் அது இரண்டு அடி அளவு வரும். டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா வயிற்றுக்கு அடியில், ஏழு சென்டிமீட்டர் உயரம்கூட இருக்காது. என்ஜினிலிருந்து ஒழுகும் எண்ணெயும் ஓடுதளத்துத் தூசியும் அதன் மேல்தான் படியும். நனைந்த துணியால் துடைத்தாலே "ராடாரில் தெரியவில்லை" என்ற புகார்களில் பாதி தீர்ந்துவிடும். அலுமினிய உடம்பு என்றால் அந்தத் தகடே, ஆன்டெனாவுக்கு அடியில் இருக்க வேண்டிய உலோகப் பரப்பாக (கிரவுண்ட் பிளேன்) வேலை செய்யும். துணி போர்த்திய விமானம், ஃபைபர் விமானம் என்றால் ஆன்டெனாவுக்கு அடியில் ஓர் உலோகத் தகடு வைத்தே ஆக வேண்டும். மைக்ரோலைட் வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, இப்போது பெட்டி. நண்பரின் கேஎக்ஸ் 170பி 720 சேனல் ரேடியோ. அதாவது 135.975-க்கு மேல் போகாது. 136-ல் தொடங்கும் அலைவரிசை எதையும் அதில் பிடிக்க முடியாது. அதைவிடப் பழைய 360 சேனல் பெட்டிகள் 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மட்டும் பேசும். அவற்றை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஐரோப்பாவில் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி கட்டாயம். இங்கே நாம் பேசும் அலைவரிசைகள் 25 இடைவெளியிலேயே இருக்கின்றன. புதுப் பெட்டியில் 8.33 சேர்ந்தே வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காகத் தனிப் பணம் கொடுக்காதீர்கள்.

நான் பார்ப்பது வேறு ஒரு வசதி: பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையோடு, காத்திருக்கும் இரண்டாவது அலைவரிசையையும் சேர்த்துக் கேட்க முடிகிறதா? கார்மின் ஜிடிஆர் 225, ட்ரிக் டிஒய்91 இரண்டிலும் இது உண்டு. டவரில் பேசிக்கொண்டே 121.5 என்ற அவசர அலைவரிசையைக் காதில் வைத்திருக்கலாம். ஒற்றை ரேடியோ விமானத்துக்கு இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. பேனலில் இடம் குறைவு என்றால் ட்ரிக், பெக்கர் போன்றவற்றின் வட்டமான சிறு பெட்டிகள் பேனலில் ஒரு மானி மாட்டும் துளையிலேயே உட்கார்ந்துவிடும்.

திசை காட்டும் விஓஆர், ஓடுதளத்துக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் ஆகிய தரை நிலையங்களைப் பிடிக்கும் நேவ் ரேடியோ வேண்டுமா? பகல் வெளிச்சத்தில், தரையைப் பார்த்து, மேட்டூர் அணையையும் ரயில் பாதையையும் அடையாளம் வைத்துப் பறப்பவருக்கு அது அவசரமில்லை. திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ அடிக்கடி போவீர்கள் என்றால் ஜிஎன்சி 255 போல இரண்டும் சேர்ந்த பெட்டி வாங்கலாம். அவ்வளவுதான்.

டிரான்ஸ்பாண்டருக்கு வருவோம். தரையிலிருந்து ராடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கும். இது 1090-ல் பதில் சொல்லும். மோட் ஏ என்றால் நீங்கள் திருப்பி வைத்த நான்கு இலக்க எண் மட்டும் போகும். மோட் சி என்றால் அதோடு உயரமும் போகும், 100 அடிக்கு ஒரு படியாக. மோட் எஸ் என்றால் உங்கள் விமானத்துக்கு மட்டுமே உரிய 24 பிட் முகவரியும் சேரும். உயரம் சொல்லாத டிரான்ஸ்பாண்டர், தெருவும் கதவு எண்ணும் கொடுத்துவிட்டு எந்த மாடி என்று சொல்லாமல் விட்ட விலாசம்.

"நான் தாழ்வாகத்தான் பறக்கிறேன், மலை மறைக்கிறது, எந்த ராடார் என்னைப் பார்க்கப்போகிறது?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சென்னை, பெங்களூரு ராடார்கள் ஓமலூர் மேல் 2,000 அடியில் பறக்கும் செஸ்னாவைப் பார்க்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்பது ராடார் மட்டுமில்லை. கமலாபுரத்துக்கு வரும் ஏடிஆர் பயணிகள் விமானத்தில் டிசிஏஎஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறது. அது தானாகவே சுற்றிலும் கேள்வி கேட்டுக்கொண்டு வரும். நீங்கள் மோட் ஏ மட்டும் வைத்திருந்தால், "பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள்" என்றுதான் அந்த விமானிக்குச் சொல்ல முடியும். மேலே ஏறு, கீழே இறங்கு என்ற கட்டளையை அந்தக் கருவி கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் உயரம் அதற்குத் தெரிய வேண்டும். டிரான்ஸ்பாண்டரே இல்லை என்றால் அதன் கணக்கில் நீங்கள் இல்லவே இல்லை. காலை மங்கலில், மலைச் சரிவைப் பின்னணியாக வைத்துப் பறக்கும் வெள்ளைச் செஸ்னாவைக் கண்ணால் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஏற்காடு வளைவுகளில் நின்று கழுகைத் தேடியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, புதிதாக வாங்குவதென்றால் மோட் எஸ். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. கேடி 76ஏ நல்ல பெட்டிதான், நெடுநாள் உழைத்தது. ஆனால் உள்ளே இருப்பது கேவிட்டி டியூப் என்ற பழைய வகை வால்வு. சூடேற நேரம் எடுக்கும், தேயும், தேய்ந்தால் மாற்ற ஆள் தேட வேண்டும். அதைப் பழுது பார்க்கச் செலவழிப்பது வீண். ட்ரிக் டிடி31, பெண்டிக்ஸ் கிங் கேடி 74 ஆகிய இரண்டும் கேடி 76ஏ இருந்த அதே தட்டில் உட்காரும்படி செய்யப்பட்டவை. பேனலை வெட்ட வேண்டியதில்லை. நண்பருக்கு அந்த வழியைத்தான் சொன்னேன். பேனலை மொத்தமாகப் புதுப்பிப்பவர் என்றால் கார்மின் ஜிடிஎக்ஸ் 335 பக்கம் போகலாம். இடமே இல்லாதவருக்கு ட்ரிக் டிடி21 அல்லது டிடி22: பெட்டி எங்கோ பின்னால், முகப்பில் ஒரு சிறு கட்டுப்பாடு மட்டும்.

டிடி21-க்கும் 22-க்கும் என்ன வித்தியாசம் என்று பலர் குழம்புகிறார்கள். 21 இரண்டாம் வகுப்பு. அதாவது 15,000 அடிக்குக் கீழே, 175 நாட் வேகத்துக்குள் பறக்கும் விமானங்களுக்கு. 22 முதல் வகுப்பு, சக்தி அதிகம். காட்சி விதிப்படி பறக்கும் 172-க்கு இரண்டாம் வகுப்பே போதும். கேபிள் நீளம் தவிர்க்க முடியாமல் கூடிவிட்டால் மட்டும் 22 எடுங்கள்.

உயரத்தை டிரான்ஸ்பாண்டருக்குச் சொல்வது என்கோடர். பழைய என்கோடரிலிருந்து ஒன்பது பத்து வயர்கள் இணையாக ஓடும். அதில் ஒன்று அறுந்தால் உயரம் சில மட்டங்களில் மட்டும் தப்பாகக் காட்டும். கண்டுபிடிப்பதற்குள் உயிர் போகும். டிடி22 போன்றவற்றில் என்கோடர் உள்ளேயே இருக்கிறது. வாங்கும் மாடலில் அது இல்லை என்றால் சீரியல் முறையில் பேசும் என்கோடராகப் பார்த்து வாங்குங்கள்.

விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி முறை பற்றி ஓர் எச்சரிக்கை. இதில்தான் காசு அதிகம் வீணாகிறது. அமெரிக்காவில் சின்ன விமானங்களுக்கு 978 மெகாஹெர்ட்ஸில் பேசும் யுஏடி என்ற தனி முறை இருக்கிறது. இறக்கை நுனி விளக்கோடு சேர்த்து மாட்டும் கருவியெல்லாம் அந்த முறையில் வருகிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது, பார்க்கவும் ஆசையாக இருக்கும். அது அமெரிக்காவுக்கு மட்டும். நம் வானத்தில் அதைக் கேட்க ஆளில்லை. இங்கே தேவை 1090 மெகாஹெர்ட்ஸில், மோட் எஸ் வழியாகவே அனுப்பும் வகை. அதற்குத் தகுதியான ஜிபிஎஸ் ஒன்றை டிரான்ஸ்பாண்டரோடு இணைக்க வேண்டும். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நடத்தும், ஜிபிஎஸ் துல்லியத்தைக் கூட்டும் ககன் முறையின் திருத்தச் செய்தியை, அமெரிக்க வாஸ் முறைக்குச் செய்த ஜிபிஎஸ் கருவிகளாலும் வாங்கிக்கொள்ள முடியும். இரண்டும் ஒரே தரத்தில் அமைந்தவை.

இரண்டாம் கையாக வந்த மோட் எஸ் பெட்டியில் முன்பிருந்த விமானத்தின் 24 பிட் முகவரி அப்படியே இருக்கும். அமெரிக்க முகவரி என்றால் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் "ஏ" என்று தொடங்கும். இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவை 80 முதல் 83 வரை தொடங்குபவை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ உங்கள் விமானத்துக்குக் கொடுத்த முகவரியைப் பெட்டியில் ஏற்றியாயிற்றா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். விமான அடையாளத்தில் பதிவெண்ணைக் கோடு இல்லாமல் எழுத வேண்டும்: விடி, அப்புறம் மூன்று எழுத்து, ஒட்டினாற்போல்.

காகிதம் இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது. பெட்டிக்கு டிஎஸ்ஓ என்ற தர அங்கீகாரம் இருக்க வேண்டும்; பரிசோதனை விமானங்களுக்கென்று மலிவாக விற்கும் வகைகள் செஸ்னாவுக்கு ஆகாது. பொருத்துவதற்கான எஸ்டிசி என்ற மாற்ற அனுமதி உங்கள் மாடலை உள்ளடக்கியதா என்று பெட்டி வாங்கும் முன்பே பட்டியலில் பாருங்கள். விமானத்தில் ரேடியோ வைத்திருக்கத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யுபிசி பிரிவு தரும் ஏரோ மொபைல் உரிமம் வேண்டும். பெட்டி மாறினால் அதிலும் மாற்ற வேண்டும். கையில் பிடிக்கும் ஐகாம், யாயெசு நிறுவன ரேடியோக்களுக்கும் உரிமம் உண்டு. கடையில் கிடைக்கிறதே என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. பேசுபவருக்கான ஆர்டிஆர் என்ற ரேடியோ இயக்குநர் சான்று தனி. 2025 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டத்தால் அந்தப் பொறுப்பு டிஜிசிஏவின் கைக்கு மாறியிருக்கிறது.

பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் இரண்டாவது ரேடியோவுக்கு முன்னால், விபத்தில் தானாக அபாயச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் இஎல்டியைப் பாருங்கள். பழைய 121.5 இஎல்டியைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1-க்குப் பிறகு கேட்பதே இல்லை. சேர்வராயன், கல்வராயன் காடுகளில் இறங்க நேர்ந்தால் மேலிருந்து தேடுவது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். 406 கருவியைப் பெங்களூருவில் உள்ள இந்திய மையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் மாட்டிவைத்தால் சத்தம் வந்தாலும் யாருடையது என்று தெரியாது.

வேலை முடிந்ததும் பொருத்தியவரிடம் மூன்று எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: ரேடியோ வெளியே விடும் வாட், ஆன்டெனாவின் எஸ்டபிள்யுஆர் (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு), டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனாவில் அளந்த சக்தி. எஸ்டபிள்யுஆர் 2-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 3-ஐத் தாண்டினால் காசைக் கொடுக்காதீர்கள். உயரமானியின் அழுத்த அளவை 1013 ஹெக்டோபாஸ்கலில் வைத்துவிட்டு டிரான்ஸ்பாண்டர் காட்டும் உயரத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 125 அடிக்குள் இருக்க வேண்டும்.

பிறகு ஒரு சோதனைப் பறப்பு. மேற்கே, மேட்டூர் பக்கம் போய்ப் பாருங்கள். கிழக்கே போனால் மலையின் குற்றத்தைப் பெட்டியின் மேல் போடுவீர்கள். இருபது கடல் மைலில் சாய்வு குறைவாக ஒரு முழு வட்டம் அடித்துக்கொண்டே டவரிடம் ரேடியோ செக் கேளுங்கள். ஏதாவது ஒரு திசைக்குத் திரும்பும்போது மட்டும், தெளிவுக்கு அவர்கள் சொல்லும் ஐந்து என்ற எண் மூன்றாகக் குறைந்தால், விமான உடம்பின் ஏதோ ஒரு பகுதி ஆன்டெனாவை மறைக்கிறது. ஆல்டர்னேட்டரை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். காதில் இருந்த கீச்சொலி நின்றால் கோளாறு பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பக்கத்திலோ எர்த் இணைப்பிலோ இருக்கும், ரேடியோவில் அல்ல. வாய்ப்புக் கிடைத்தால் ராடார் உள்ள யூனிட்டிடம் உங்கள் உயரம் அவர்கள் திரையில் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டியதால் எடையும் ஈர்ப்பு மையமும் மாறியிருக்கும். அந்தத் தாளைத் திருத்திக் கையெழுத்து வாங்கியபின் விமானத்தை எடுங்கள். வயரிங் படத்தின் பிரதி ஒன்றை லாக் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து பேனலுக்கு அடியில் படுக்கப்போகிறவர் உங்களை வாழ்த்துவார்.